சதவீதம் மாமா

என் அக்காவின் கணவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'சதவீதம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் சதவீதம். எனக்கு வீட்டில் மாமா, வார்டில் சார், மனசுக்குள் சதவீதம். அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்றால், கையெழுத்து அழகாகப் போடுவார் என்று சொல்லலாம். அதற்கு மேல் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவரும் ஒரு காலத்தில் நர்ஸ்தான். இதை இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் அவருக்கு முகம் சுண்டிவிடும். ஊசியை எடுத்தால் அவருக்குக் கை நடுங்கும். ஒரே கையில் நாலு இடத்தில் குத்திவிட்டு ஐந்தாவது இடம் தேடுவார். அவர் வார்டுக்குள் வருவதைப் பார்த்தாலே நோயாளிகள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். நடுங்குவது குற்றமில்லை. முதல் வருஷம் எனக்கும் நடுங்கியது. ஆனால் இவர் நரம்பு கிடைக்காதபோதெல்லாம் நோயாளியைத்தான் திட்டுவார். "கையைச் சரியா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்பார், ஏதோ அந்த மனுஷி வேண்டுமென்றே நரம்பை ஒளித்து வைத்திருப்பது மாதிரி. அவர் எனக்கு மாமா ஆவதற்கு முன்பே நான் இதைப் பார்த்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவும் சொன்னேன். அக்கா கேட்கவில்லை.

ஆறு வருஷம் இப்படிக் குத்திக் குத்தியே ஓட்டினார். அப்போதுதான் ஆஸ்பத்திரி முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று மேலே முடிவானது. கூடவே, வார்டு வேலை தெரிந்த ஒருவர்தான் இதை முன்னின்று நடத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். டாக்டர்கள் தங்களுக்கு நேரமில்லை என்று நழுவினார்கள். சீனியர் சிஸ்டர்கள் கண் சரியில்லை என்று நழுவினார்கள். மேட்ரன் ஒரு நிமிஷம் யோசித்து மாமாவின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆள் போனால் வார்டில் யாரும் தேட மாட்டார்கள் என்பதுதான் மாமாவுக்கு இருந்த ஒரே தகுதி. மேட்ரனே பின்னாளில் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம் இது.

பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு பட்டையும் அதில் தொங்கும் ஓர் அட்டையும் இருந்தன. அன்றிலிருந்து அந்த அட்டையைக் கழற்றி நான் பார்த்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போது அது தட்டுக்குள் விழாமல் இருக்க முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார். அக்கா வீட்டு அடுக்களையில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார். அக்காவுக்கு அத்தனை வருஷமும் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாமலா இருந்தது?

எங்களுக்கான வகுப்பு, டியூட்டி முடிந்து கால் வலியோடு போய் உட்காரும் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. திரையில் ஒரு நர்ஸ் பல் தெரியச் சிரித்துக்கொண்டு மெஷினைப் பிடித்திருந்தாள். அவள் கையில் வேறு எதுவுமே இல்லை. எங்கள் வார்டில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த பெரிய சிஸ்டர் எழுந்து நின்றார்.

"சார், ஒரு கையில ட்ரே இருக்கும். இன்னொரு கையில ஊசி இருக்கும். இந்த மெஷினை எந்தக் கையில புடிக்கிறது?"

மாமா திரையில் அடுத்த படத்தைத் தள்ளினார். "அது அடுத்த வகுப்புல வரும் சிஸ்டர்" என்றார். அடுத்த வகுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த மெஷின் நல்ல மெஷின். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவோம். அதில் கறுப்புக் கோடுகள் அச்சடித்திருக்கும். மருந்து கொடுக்கும் முன் பட்டைக் கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்துக் கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த மருந்து இந்த ஆளுக்குத்தான் என்றால் திரை பச்சையாகும். இல்லையென்றால் சிவப்பாகிக் கத்தும். யோசித்துச் செய்தவன் நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். அவன் எங்கள் வார்டைப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பெண்கள் வார்டில் இருபத்துநாலு கட்டில். ஒன்பதாம் கட்டிலைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. மெஷினை வைத்துத் தள்ளும் வண்டிக்கு ஒரு சக்கரம் எப்போதும் கோணிக்கொண்டே நிற்கும். பாட்டரி பதினோரு மணிக்குச் செத்துவிடும். அதனால் பாதிக்கு மேல் கட்டில்களுக்கு நாங்கள் பழையபடியே ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய், "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, ஒழிந்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஸ்கேன் செய்யாமல் ஏற்றினால் அது கணக்கில் சேராது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு வார்டும் எத்தனை சதவீதம் ஸ்கேன் செய்தது என்று திரையில் போடுவார்கள். நாங்கள் முப்பது. கடைசி இடம்.

அதற்குப் பிறகு மாமா தினமும் வார்டுக்கு வர ஆரம்பித்தார். நோயாளி யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். "நேத்து எத்தனை சதவீதம்?" என்பார். பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். வார்டின் கடைசிச் சுவரில் இன்னொரு சிக்னல் பெட்டி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நானும் பெரிய சிஸ்டரும் வாய் வலிக்கச் சொன்னோம். மேலே ஒரு கடிதம் எழுதினால் போதும். அவர் எழுதவில்லை. வேலை முழுவதும் முடிந்துவிட்டது என்று அவர் ஏற்கெனவே எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். பெட்டி வேண்டும் என்று கேட்டால் அது பொய் என்று ஆகிவிடும் அல்லவா?

அவர் கண்டுபிடித்த வழி வேறு. இருபத்துநாலு பேருக்கும் மணிக்கட்டுப் பட்டையின் நகலை அச்சடித்து, கட்டில் வரிசைப்படி ஒரே தாளில் ஒட்டி, நர்ஸ் மேஜைமேல் வைத்துவிடுவது. நாங்கள் மேஜையிலேயே நின்றுகொண்டு தாளில் இருக்கும் கோட்டை ஸ்கேன் செய்யலாம், மருந்தை ஸ்கேன் செய்யலாம், பச்சை வரும், பிறகு ட்ரேயோடு கட்டிலுக்குப் போகலாம். நோயாளியின் கையை யாரும் தொட வேண்டியதில்லை. அந்த மெஷின் எதற்காக வந்ததோ அந்த ஒரு காரியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் கச்சிதமாக நடக்கும்.

நகல் பட்டை அச்சடிக்க நர்ஸ்களின் பாஸ்வேர்டுக்கு மட்டும்தான் அனுமதி. மாமா இப்போது நர்ஸ் இல்லையே, அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்.

"உன் பாஸ்வேர்டைக் கொஞ்சம் குடும்மா. வார்டு வேலைக்குத்தானே."

"எதுக்கு மாமா?"

"உங்களுக்கு வேலை சுலபமாகத்தான். குடும்பத்துக்குள்ள என்ன?"

கொடுத்தேன். தினமும் மாலையில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அக்கா வீட்டிலேயே தையல் தொழில் செய்பவள், அவள் கத்தரி பிடித்தால் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டும். அவளை உட்காரவைத்து வெட்டி ஒட்டச் சொல்லுவார். காலையில் புதுத் தாளை வார்டில் வைத்துவிட்டு, முதல் நாள் தாளை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வார்டு மூன்றே வாரத்தில் நூறு சதவீதம் ஆனது. வாசல் அறிவிப்புப் பலகையில் மாமாவின் படம் வந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் மிச்சமானது. பெயர் கேட்கும் பழக்கம் எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

நான் இரண்டு நாள் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த காலையில் அது நடந்தது. பதினாலாம் கட்டிலில் சர்க்கரை நோய்க்காரரான ஒரு டீச்சரம்மா இருந்தார். முந்தைய ராத்திரி அவருக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் இருபதாம் கட்டிலில் படுத்திருந்த லாண்டரிக்காரம்மாவிடம் கேட்டுக் கட்டிலை மாற்றிக்கொண்டார். லாண்டரிக்காரம்மா நெஞ்சுச் சளிக்கு வந்தவர், சர்க்கரை கிடையாது. இரண்டு பேரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார்கள், அவ்வளவுதான். யாரும் கம்ப்யூட்டரில் மாற்றவில்லை. அதற்கு முன்பே அன்றைய தாள் அக்காவின் மேஜையில் ஒட்டி முடிந்துவிட்டது.

காலையில் நான் தாளில் பதினாலை ஸ்கேன் செய்தேன். இன்சுலினை ஸ்கேன் செய்தேன். பச்சை. பதினாலாம் கட்டிலுக்குப் போய் ஊசியைப் போட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, டீ கொடுக்கும் ஆயா என்னைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், இந்தம்மா கண்ணைத் திறக்க மாட்டேங்குது." உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டையில் வேறு பெயர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எப்படியோ ஓடின. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, டாக்டரைக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மதியம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நாங்கள் அந்தக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பத்தாவது நிமிஷம் மாமா வார்டுக்கு வந்தாராம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. மேஜையிலிருந்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பெரிய சிஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

விசாரணை என்று ஓலை வந்தது. தப்பு நிரூபணமானால் என் நர்ஸ் பதிவையே ரத்து செய்யப் பரிந்துரைப்பார்கள். பதினாலு வருஷ வேலை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடி எட்டு மாசம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பதிவு போனால் எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு இடமில்லை, வேறு வேலையும் தெரியாது. ஊசியைப் போட்டது நான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நகல்களை அச்சடித்ததும் நான்தான் என்று கம்ப்யூட்டர் சொன்னது. நாற்பத்தோரு நாள், என் பாஸ்வேர்டில். அந்தப் பட்டியலை எடுத்து விசாரணையில் வாசிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருந்தார்கள்? கம்ப்யூட்டர் அதிகாரியிடம்.

விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தையல் துணி எடுத்துப்போகும் பெரிய பை கையில் இருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மாமா கீழே தெருவில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மேல வரலையா அவரு?"

"வரமாட்டாரு. என்னைக் கெஞ்ச அனுப்பியிருக்காரு. நீயே ஒத்துக்கிட்டா வெறும் மெமோவோட போயிடுமாம். அவரு உள்ள இருந்து பாத்துக்குவாராம். நீ வாயைத் திறந்தா அவரு வேலை போயிடும், எங்க குடும்பம் தெருவுக்கு வந்துடும்னு நான் அழணுமாம்."

"அழப்போறியா?"

"அழத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா பையைத் திறந்தாள். மேலே இருந்த துணிகளை எடுத்துவிட்டு அடியிலிருந்து ஒரு கனத்த ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். நாற்பத்தோரு தாளும் தேதி வரிசையில் இருந்தன. எதையும் கிழித்துப் போட அவருக்கு மனசு வராது. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி அந்த அழகான கையெழுத்து. கடைசித் தாளில் மட்டும் நாலு மடிப்பு.

"நான் கண்ணு வலிக்க வெட்டி ஒட்டினதுடி இதெல்லாம். உனக்கு உதவின்னு சொல்லித்தான் என்கிட்ட வேலை வாங்கினாரு."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். வேலை போனா போகட்டும். தையல் மெஷின் என்னோடது." அக்கா எழுந்து கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்ணையும் நன்றாகச் சிவக்கக் கசக்கினாள். "அழுத மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியிறங்கினாள். மாமா தலைக்கவசத்தோடு தலையை ஆட்டியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு ஆம்பிளையை அவ்வளவு மட்டமாக நான் அதுவரை நினைத்ததில்லை.

விசாரணை அறையில் பெரிய டாக்டர், மேட்ரன், குறிப்பெடுக்க ஒரு அலுவலர். ஓரத்தில் மாமா. கழுத்துப் பட்டையை நேராக்கிக்கொண்டு பட்டியலை வாசித்தார். தேதி, நேரம், என் பெயர். தேதி, நேரம், என் பெயர். நாற்பத்தோரு தடவை என் பெயரைச் சொன்னார், ஒரு தடவைகூட நாக்குத் தடுக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு சார், பயன்படுத்தினவங்க தப்பு" என்றார்.

நான் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன். மேட்ரன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான ஐந்து நிமிஷம் வேறு இல்லை.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"அது... பயிற்சிக்காகச் செஞ்ச மாதிரித் தாள் சார்."

"நாப்பத்தோரு நாளா பயிற்சி?" என்றார் மேட்ரன். மாமா என்னைக் கைகாட்டினார். "பாஸ்வேர்டு குடுத்தது அவங்கதானே மேடம். வேணும்னா கேட்டுப் பாருங்க." மேட்ரன் அவரை அதற்கு மேல் பார்க்கவே இல்லை. ஃபைலை மூடிவிட்டு வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"அந்த லாண்டரிக்காரம்மா நேத்து வாக்குமூலம் குடுத்திருக்காங்க. வாசிக்கிறேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாசித்தார். "நர்ஸம்மா சுகர் ஊசின்னு சொன்னாங்க. எனக்குச் சுகர் இல்லையேம்மான்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, அது தப்பா காட்டாதுன்னு சொன்னாங்க. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்னு கையைக் காட்டினேன்."

காகிதத்தைக் கீழே வைத்தார். "இப்படிச் சொன்னீங்களா?"

மேலே இந்தக் கதையைச் சொன்னபோது இந்த இடத்தை நான் உங்களிடமும் சொல்லாமல் தாண்டிவிட்டேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா மறந்திருப்பார் என்று நினைத்தேன். மயங்கி விழுந்தவருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று ஒரு நப்பாசை.

"சொன்னேன் மேடம்."

"அவங்களே சொல்லியும் கையைத் திருப்பிப் பட்டையைப் பாக்கணும்னு தோணலையா?"

என்னிடம் எடுத்துப்போட இன்னொரு ஃபைல் இல்லை. தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. நிம்மதியாக, நம்மாளு ஒருத்தர் துணைக்குக் கிடைத்துவிட்டார் என்பது மாதிரி ஒரு பார்வை. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொந்தமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதிவு ரத்தாகவில்லை. ஆறு மாசம் சஸ்பெண்ட் என்று கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில், 'நோயாளியைப் பாராமல் திரையை மட்டும் நம்பியது' என்று போட்டிருந்தது. அக்கா வந்து அதை வாங்கி நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அவருக்கும் இதேதான்டி வந்திருக்கு" என்றாள். "ஒரு எழுத்து மாறலை."